மேம்பாலத்துக்குப் பெயரான ஜி.டி. நாயுடு யார்? மெஷினைப் பிரித்துப் பார்த்தே பாடம் படித்த கோவைக்காரரின் கதை

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்தில் தொடங்கி கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம். 2025 அக்டோபர் 9-ம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்த இந்தப் பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. தெருப் பெயர்களில் சாதி வேண்டாம் என்று சொல்லும் அரசே பாலத்துக்கு இப்படிப் பெயர் வைக்கலாமா என்று சமூக வலைதளங்களில் விவாதம் சூடானது. நடிகர் மாதவன் அவராக நடிக்கும் படத்தின் அறிவிப்பும் சேர்ந்துகொள்ள, கோவைக்கு வெளியே இருக்கும் இளைய தலைமுறை கேட்ட கேள்வி ஒன்றுதான். யார் இந்த ஜி.டி. நாயுடு?

கோவையில் யாரைக் கேட்டாலும் இந்தியாவின் எடிசன் என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பட்டம் பாதிதான் சரி. இதுவரை உலகத்தில் இல்லாத ஒன்றை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பது ஒரு வகை. நாயுடு வேறு வகை. யாரோ செய்த மெஷினை வாங்குவார். கடைசி ஸ்குரூ வரை பிரிப்பார். இதில் மனுசன் கை எங்கே திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்கிறது, எங்கே தப்பு நடக்கிறது என்று பார்ப்பார். அந்த இடத்தில் ஒரு பல்சக்கரத்தையோ, ஸ்பிரிங்கையோ, குட்டி மோட்டாரையோ கொண்டுவந்து வைப்பார். அவர் செய்த பெரும்பாலான வேலைகளை இந்த ஒரு பழக்கத்துக்குள் அடக்கிவிடலாம்.

கலங்கல் பையனும் ஒரு மோட்டார் சைக்கிளும்

கோவைக்குக் கிழக்கே, சூலூர் பக்கம் இருக்கும் கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ம் தேதி பிறந்தவர் நாயுடு. முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. அப்பா விவசாயி. பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவே இல்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய கதை இன்றும் அந்தப் பக்கம் சொல்லப்படுவதுதான். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது.

அந்த வழியாக ஒரு நாள் வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் கம்பெனி வண்டி. மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்த பையனுக்கு அதன் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. எப்படியாவது அதை வாங்கிவிட வேண்டும். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை எடுத்து, தண்ணீர் வைத்து, மூன்று வருடம் காசு சேர்த்தார். பிறகு அதே அதிகாரியிடம் போய் 300 ரூபாய் கொடுத்து வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்து பந்தா காட்டியிருக்கலாம். அவரோ வண்டியைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, திரும்பப் பூட்டினார். மெக்கானிக் பள்ளிக்கூடம் என்று ஒன்று பக்கத்தில் இல்லாத காலம். கார்புரேட்டர் என்றால் என்ன என்று சொல்லித் தர ஆள் கிடையாது. பிரித்தது சரியாகப் பூட்டினால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. அவருக்குக் கிடைத்த ஒரே தேர்வுத்தாள் அந்த வண்டிதான்.

பஞ்சில் போனது, பஸ்ஸில் வந்தது

நடுவில் ஒரு சறுக்கல் உண்டு. திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்தி நல்ல காசு பார்த்தவர், பம்பாய்க்குப் போய் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிப் பெரிதாக இழந்தார். மறுபடியும் கையில் ஒன்றும் இல்லாத நிலைமை.

அப்போது அவருக்குக் கை கொடுத்தவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் முதன்முதலாக நூற்பாலை தொடங்கிய ஆங்கிலேயத் தொழிலதிபர், ஸ்டேன்ஸ் பள்ளியின் பெயரில் இருப்பவர் அவர்தான். அவர் உதவியோடு 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே, டிரைவராக அவரே ஓட்டினார். பாதி வழியில் வண்டி நின்றால் சரிசெய்யும் மெக்கானிக்கும் அவரேதான். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட பழக்கம் அங்கேதான் சோறு போட்டது.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்ற பெயரில் 1933-ல் 280 பஸ்கள் ஓடின. சொந்தமாகப் பணிமனை, உதிரி பாகம் செய்யும் பட்டறை எல்லாம் வந்துவிட்டது. குறித்த நேரத்துக்கு வண்டி கிளம்பும் என்பதுதான் யு.எம்.எஸ். மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை. சந்தை முடிந்து கூட்டம் நிரம்பினால்தான் வண்டி எடுப்போம் என்று உட்கார்ந்திருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

டிக்கெட் மெஷின் ஏன் பெரிய விஷயம்?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் நாயுடுவின் மூளை எப்படி வேலை செய்தது என்பது இந்த ஒரு விஷயத்தில் நன்றாகத் தெரியும்.

ஒரே ஒரு பஸ் இருக்கும்போது முதலாளியே வண்டியில் இருப்பார். எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு வசூல் என்பது அவர் கண் முன்னாடியே நடக்கும். 280 பஸ் என்றால்? தினமும் ஆயிரக்கணக்கான டிக்கெட். ஒவ்வொரு டிக்கெட்டையும் கண்டக்டர் கையால் கிழிக்க வேண்டும், கையால் எழுத வேண்டும், ராத்திரி உட்கார்ந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். அவசரத்தில் தப்பாக எழுதுவது ஒரு பக்கம். காசை வாங்கிக்கொண்டு டிக்கெட்டே கொடுக்காமல் விடுவது இன்னொரு பக்கம். எந்தப் பஸ் முதலாளிக்கும் இருக்கும் தலைவலி இது. வழக்கமான வைத்தியம், செக்கர் என்று ஒருவரைப் போடுவது. அப்புறம் அந்தச் செக்கரைக் கண்காணிக்க இன்னொருவரைப் போடுவது.

நாயுடு ஆள் மேல் ஆள் போடுவதை விட்டுவிட்டு மெஷின் பக்கம் போனார். பஸ்ஸுக்குள் டிக்கெட் கொடுக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். இதுபோன்ற இயந்திரங்களின் அடிப்படை எளிமையானது. கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் ஒரு டிக்கெட் அச்சாகி வெளியே வரும். அதே சுற்றில் உள்ளே இருக்கும் எண்சக்கரம் ஒரு எண் முன்னால் நகரும். டிக்கெட் வெளியே வராமல் எண் நகராது, எண் நகராமல் டிக்கெட் வராது. ராத்திரி டெப்போவில் எண்ணைப் பார்த்தால் போதும், எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். டிக்கெட் கொடுப்பது ஒரு வேலை, கணக்கு எழுதுவது இன்னொரு வேலை என்று தனித்தனியாக இருந்ததை ஒரே அசைவில் பூட்டிவிடுவதுதான் சூட்சுமம்.

இன்றைக்கும் பிரஸ் பட்டறைகளில் இதே தத்துவத்தைப் பார்க்கலாம். ஒரு தகடை வெட்ட ஒரு அடி, துளை போட ஒரு அடி, வளைக்க ஒரு அடி என்று மூன்று பேர் மூன்று பிரஸ்ஸில் செய்ததை, ஒரே பிரஸ்ஸில் வரிசையாக மூன்று அச்சு வைத்து, தகடு ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி தானாக நகரும்படி செய்வார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முழுப் பொருள் விழும். கையால் இழுக்கும் பிரஸ்ஸுக்கு மோட்டார் மாட்டி, தகடு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு தடுப்பு வைத்துவிட்டால், ஆள் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். தானியங்கி என்றதும் ரோபோதான் நினைவுக்கு வரும் நமக்கு. அடிப்படை இந்த நகர்வும் பூட்டும்தான்.

இதில் கண்டக்டர் பக்கமும் ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மெஷினை நம்பி, என்னை நம்பவில்லையா என்ற வருத்தம் எந்த நேர்மையான தொழிலாளிக்கும் வரும். அதே நேரம், காசு குறைகிறது என்று யாராவது பழி போட்டால், நான் எடுக்கவில்லை என்று நிரூபிக்கவும் அதே எண்சக்கரம் உதவும். இன்று அரசுப் பேருந்துகளில் நடத்துநர்கள் தோளில் மாட்டியிருக்கும் சின்ன மெஷினுக்கும் இந்த இரண்டு முகங்களும் உண்டு.

கவலை ஓட்டிய ஊருக்கு மோட்டார்

1930-களில் கோவை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் வந்து, சமவெளிக்கு மின்சாரம் இறங்கியது. நூற்பாலைகள் வரிசையாக முளைத்தன. ஆனால் கொங்கு விவசாயிக்கு மில்லைவிட முக்கியமானது கிணறு.

மழை குறைந்த பூமி இது. ஆழக் கிணறு வெட்டி, ஜோடி மாடு பூட்டி, கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். மாடு சரிவில் இறங்கினால் தோல் பையில் தண்ணீர் மேலே வரும். மாடு பின்னால் நடந்து ஏறினால் பை மறுபடி கிணற்றுக்குள் போகும். விடியற்காலையிலிருந்து இதே வேலை. ஒரு ஆள், ரெண்டு மாடு, ஒரே அசைவு ஆயிரம் தடவை. மெஷின் வந்தே தீர வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கிணற்றடிதான்.

மின்சாரம் வந்தாயிற்று. மோட்டார்? கப்பலில்தான் வர வேண்டியிருந்தது. இந்த நிலையில்தான் பீளமேட்டில் நாயுடு தொடங்கிய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து 1937-ல் ஒரு மின் மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அது கொண்டாடப்படுகிறது. இதில் பெயர் சொல்லியே ஆக வேண்டிய இன்னொருவர் டி. பாலசுந்தரம் நாயுடு. அந்த மோட்டாரை வடிவமைத்த மூளை அவருடையது. பின்னாளில் அவரே டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். நாயுடு கதையைச் சொல்லும்போது பாலசுந்தரத்தின் பெயர் பல இடங்களில் விடுபட்டுப் போகிறது. ஒரு மோட்டாரை ஒருவரே செய்துவிட முடியாது.

மோட்டார் செய்வதில் அப்படி என்ன கஷ்டம் என்று தோன்றலாம். வெளியே தெரிவது வார்ப்பிரும்புக் கூடுதான். உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய இரும்புத் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்டாம்பிங் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் காடி வெட்டியிருக்க வேண்டும். முடியளவு விலகினாலும் தகடுகள் சரியாக அடுக்காது, காயில் உட்காராது, மோட்டார் சூடாகும், உறுமும். அதாவது ஒரு நல்ல மோட்டார் செய்வதென்றால், ஒரே தப்பில்லாத தகடை ஆயிரம் தடவை வெட்டும் பட்டறையை முதலில் உருவாக்க வேண்டும். வார்ப்பு, லேத், டை, காயில் கட்டும் கைகள் என்று எல்லாமே ஊருக்குள்ளேயே வேண்டும். மோட்டாருக்காகக் கோவை கற்றுக்கொண்ட இந்த வேலைகள்தான் பிறகு பம்புசெட்டுக்கும், மில் உதிரி பாகங்களுக்கும், 1955-ல் கோவையில் பி. சபாபதி கொண்டுவந்த வெட் கிரைண்டருக்கும் அடிப்படை. ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றும் கையை எடுத்துவிட்டு மோட்டாரை வைத்ததுதானே கிரைண்டர்!

ரேசர் முதல் ஓட்டு மெஷின் வரை

நாயுடுவின் கண்டுபிடிப்புப் பட்டியல் நீளம். ரசந்த் என்ற பெயரில் மின் சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, சினிமா கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி. மின்சாரம் இல்லாத வீட்டுக்கு ஃபேன் வேண்டும் என்று யோசித்ததுதான் இதில் சுவாரஸ்யம். ரேசரும் அப்படித்தான். கையை மேலும் கீழும் ஓட்டும் வேலையை, டார்ச் லைட்டில் போடும் பேட்டரியில் சுழலும் குட்டி மோட்டாருக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் மின் ரேசரை விற்கத் தொடங்கியதே 1930-களின் தொடக்கத்தில்தான். உலகம் யோசித்துக்கொண்டிருந்ததைப் பீளமேட்டிலும் ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பட்டியலில் இன்றைக்குப் புருவம் உயர்த்த வைப்பது, மோசடி செய்ய முடியாதபடி ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம். டிக்கெட் மெஷினை நினைத்துப் பாருங்கள், இதுவும் அதே குடும்பம்தான் என்று புரியும். ஒருவர் ஒரு தடவை பதிவு செய்ய வேண்டும், எண்ணிக்கை தானாக ஏற வேண்டும், நடுவில் யார் கையும் படக் கூடாது. அவரும் தேர்தலைக் கிட்டத்தில் பார்த்தவர். 1930-களில் சென்னை மாகாணத் தேர்தலில் நின்று தோற்றிருக்கிறார். இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது 1982-ல், கேரளாவின் பறவூர் தொகுதியில். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நாயுடு இறந்துவிட்டார். இரண்டு இயந்திரங்களுக்கும் தொழில்நுட்பத்தில் தொடர்பு கிடையாது. தீர்க்கப் பார்த்த பிரச்னை மட்டும் ஒன்று.

வெளிநாடுகளுக்கும் போனார். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். 1936-ல் ஜெர்மனியில் ஹிட்லரைச் சந்தித்தார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரும் அவர் கேமராவுக்குள் வந்தவர்கள். ஈரோட்டுக்காரரான பெரியாரோடு நெருங்கிய நட்பு இருந்தது. இவற்றைப் பற்றித் தனித்தனியாகவே எழுதலாம்.

70 ரூபாய் ரேடியோ, 2,000 ரூபாய் கார்

1941-ல் நாயுடு ஒரு அறிவிப்பு வெளியிட்டார். ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்பதுதான் அது. ரேடியோ வைத்திருக்கும் வீட்டைச் சுற்றி ஊரே கூடி நின்று செய்தி கேட்ட காலம். உலகப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ரேடியோ வீட்டுக்கு வீடு வரவில்லை.

அடுத்து 1952. இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்று அவருடைய பட்டறையிலிருந்து வெளியே வந்தது. விலை 2,000 ரூபாய். ஊரில் ஓடவும் செய்தது. ஆனால் தயாரிக்க அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. அத்தோடு நின்றது.

ஏன் லைசென்ஸ் தேவைப்பட்டது? தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1951-ல் நிறைவேறி, 1952 மே மாதம் அமலுக்கு வந்தது. முக்கியமான தொழில்களில் யார் எதைத் தயாரிக்கலாம் என்பதை டெல்லி முடிவு செய்யும் காலம் அதிலிருந்து தொடங்குகிறது. கையிருப்பில் இருக்கும் அந்நியச் செலாவணி குறைவு, இரும்பு குறைவு, இருப்பதை அளவாகப் பங்கிட வேண்டும் என்பது அரசு தரப்பு நியாயம். புதிதாகச் சுதந்திரம் அடைந்த ஏழை நாட்டில் அந்தக் கவலையை முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் விளைவு என்ன? கார் என்றால் கல்கத்தாவில் ஒரு கம்பெனி, பம்பாயில் ஒரு கம்பெனி, சென்னையில் ஒரு கம்பெனி என்று விரல்விட்டு எண்ணும் அளவில் நின்றது. சாமானியனுக்கான சின்னக் கார் என்ற பேச்சு அடுத்த 30 வருடம் பேச்சாகவே இருந்தது. மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில்.

நாயுடுவின் கார் அனுமதி பெற்றிருந்தால் வென்றிருக்குமா? அதைச் சொல்ல வழியே இல்லை. பட்டறையில் ஒரு கார் செய்வது வேறு, அதே விலையில் பத்தாயிரம் கார் செய்து, ஊருக்கு ஊர் உதிரி பாகம் கொடுப்பது வேறு. அவரே பஸ் கம்பெனியில் பார்த்த பாடம்தான் அது. தோற்றிருக்கவும் கூடும். ஆனால் சாலையில் ஓடித் தோற்பதற்குக்கூட வாய்ப்பு கிடைக்கவில்லை என்பதுதான் அந்தக் காரின் கதை.

வரி, அனுமதி, ஆய்வு என்று அரசோடு நாயுடுவுக்குக் கடைசி வரை உரசல்தான். வரிக் கொள்கையை எதிர்த்து, தான் செய்த பொருள்களையே பொதுமக்கள் பார்க்க உடைத்து நொறுக்கியவர் அவர். உடைத்ததற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஹோப் காலேஜ்: காலேஜ் இல்லாத ஸ்டாப்

அவிநாசி சாலையில் பீளமேட்டைத் தாண்டினால் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப். கண்டக்டர்கள் ஹோப்ஸ் என்று கத்துவார்கள். சுற்றி எங்கே தேடினாலும் அந்தப் பெயரில் காலேஜ் கிடையாது. தினமும் அங்கே இறங்கும் பலருக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியாது. அதுவும் நாயுடு கதைதான்.

1945-ல் நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர். ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் பொறியியல் கல்லூரியின் முதல்வர் ஆனார். இதை ஒரு சாதனைத் துணுக்காக எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அடுத்து நடந்தது அதைவிட முக்கியம்.

பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு எதற்கு என்று நாயுடு கேட்டார். தேவையில்லாததை எடுத்துவிட்டு, மெஷினில் கை வைத்துப் பழக விட்டால் இரண்டு ஆண்டு தாராளமாகப் போதும் என்பது அவர் கணக்கு. மீதி இரண்டு ஆண்டு பையனின் வாழ்க்கையில் வீண், குடும்பத்துக்கும் செலவு. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்பது அவ்வளவு சுலபம் இல்லை. பாலம் கட்டுபவருக்கும் அணை கட்டுபவருக்கும் கணக்கு ஆழமாகத் தெரிய வேண்டும். பிரித்துப் பூட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள அணை ஒன்றும் மோட்டார் சைக்கிள் இல்லை. நாயுடுவின் வழி நாயுடு போன்றவர்களுக்கு வேலை செய்யும், எல்லோருக்கும் செய்யுமா என்பது சந்தேகம்தான். ஆனால் அவர் கேட்டதன் மறுபாதி இன்னும் அப்படியே நிற்கிறது. நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்து முடித்தும், லேத்தில் ஒரு வேலையைக் கட்டத் தெரியாமல் வெளியே வரும் பிள்ளைகளைப் பற்றிக் கோவைப் பட்டறைக்காரர்கள் இன்றும் புலம்புகிறார்கள்.

அந்தக் கல்லூரி பிறகு தடாகம் சாலைக்கு இடம் மாறியது. அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி. என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பழைய இடத்தில் ஸ்டாப்பின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தோட்டத்திலும் அதே புத்தி

மெஷினோடு நின்றாரா என்றால் இல்லை. தன் தோட்டத்தில் பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புது ரகங்களை வளர்த்துப் பார்த்தார். சர் சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அந்தத் தோட்டத்தை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு நாள் காலை 6 மணிக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கி, மாலை 5 மணிக்குக் கூரையோடு ஒரு வீட்டைக் கட்டி முடித்ததும் அவர் செய்த வேலைகளில் ஒன்று. இதைப் பலர் மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். வேலையை முன்கூட்டியே துண்டு துண்டாகப் பிரித்து, எது எதற்குப் பிறகு என்று வரிசை போட்டு, யார் கையும் சும்மா நிற்காமல் பார்த்துக்கொண்டால்தான் இப்படி ஒரு வேகம் வரும். வீட்டையே ஒரு பிரஸ் வேலை மாதிரி அவர் பார்த்திருக்கிறார். அந்த வேகத்தில் கட்டும் வீடு எல்லோருக்கும் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

கடைசிக் காலமும் கண்காட்சியும்

வயது ஏற ஏற, புதிதாக ஒன்றைச் செய்வதைவிட, செய்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் நாயுடுவின் கவனம் போனது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். தொழிலாளர்களுக்கு நலத் திட்டங்கள் வைத்தார். 1967-ல் தொழில் கண்காட்சி ஒன்றை அமைத்தார். 1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 2018-ம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் தொழில்நுட்பப் படமாகத் தேர்வானது. அவர் குடும்பத்தார் 2015-ல் ஜீடி கார் மியூசியத்தைத் திறந்தார்கள். பழைய கார்களைப் பார்க்கத்தான் கூட்டம் அங்கே அதிகம் வருகிறது. அவிநாசி சாலையிலேயே இருக்கும் தொழில் கண்காட்சியில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து அவர் பயன்படுத்திய கருவிகளையும், செய்த மெஷின்களையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோவைப் பக்கம் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் இரண்டையும் பார்த்துவிடலாம்.